கீழ்ப்புறத்து வெள்ளை

தீவுப்பகுதியின் கற்சுவர்களிலும் கிணற்றுக் கட்டுகளிலும் வளரும், பூக்காமல் வித்தி தூவும் பன்னங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய என்னிடம் ஒன்பது கேள்விகள் இருந்தன. தடித்த மட்டையொன்றில் நானே அவற்றை எழுதி, மழை படாதபடி ஒட்டுப்பட்டி சுற்றி, பைக்குள் வைத்திருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஓம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வி எது என்று மட்டை சொல்லும். கடைசியில் ஒரு பெயர் வரும்.

முதலாவது கேள்வி எல்லாவற்றிலும் இலகுவானது. இலையைத் திருப்பிப் பார். கீழ்ப்புறத்தில் கோதுமை மாவை அரித்துவிட்டதுபோல் வெள்ளைத் தூள் இருக்கிறதா? ஓம் என்றால் வேறு கேள்வி இல்லை, அது வெள்ளைப் பன்னம். அந்த வெள்ளை இலையே சுரக்கும் ஒருவித மெழுகு. மலைநாட்டுப் பாறைகளில் வளரும் சாதி அது. கடல் மட்டத்தில், சுண்ணக்கல் தீவில் அது இருக்கும் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. கேள்விகள் முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அதையும் சேர்த்திருந்தேன்.

மற்ற எட்டுக் கேள்விகளும் உரித்து வைத்ததுபோல் ஒரேமாதிரி இருக்கும் சாதாரண பன்னங்களுக்கானவை. குறிப்பாக இரண்டு. புத்தகத்தில் அவற்றுக்கு நீளமான லத்தீன் பெயர்கள் உண்டு. ஊரில் பெயரே இல்லை. என் குறிப்பேட்டில் ஒன்று ஒடுங்கி, மற்றது முக்கோணி. இரண்டுக்கும் காம்பு மெல்லியது, கருங்கபில நிறம், நல்ல மினுக்கம். இரண்டிலும் இலையின் விளிம்பு உள்ளே மடிந்து வித்திகளை மூடி வைத்திருக்கும். ஒடுங்கியின் இலை நடுவில் அகன்று, கீழே வரவரத் திரும்பவும் சிறுக்கும், காம்பு கட்டை. முக்கோணியில் ஆகக் கீழே இருக்கும் சோடிச் சிறகுகள், அதாவது இலைப் பிரிவுகள்தான் எல்லாவற்றிலும் பெரியவை. காம்பும் இலையளவுக்கு நீளம். இவ்வளவும் நன்றாக வளர்ந்து விரிந்த இலையில். இளம் இலையில் இரண்டையும் பிரிப்பது கடினம். கோடையில் இன்னும் மோசம். ஈரம் இல்லாவிட்டால் இவை இலையை உட்புறமாகச் சுருட்டிக்கொண்டு, கீழ்ப்புறத்தை வெளியே காட்டியபடி, செத்ததுபோல் மாதக்கணக்காகக் கிடக்கும். செத்ததா சுருண்டதா என்று அறிய மட்டையில் கேள்வி இல்லை. என் குடிதண்ணீரில் கொஞ்சம் ஊற்றிவிட்டு அடுத்த நாள் வந்து பார்ப்பேன்.

உள்ளங்கைக்குள் அடங்கும் பனை வடலிபோல் நிற்கும் ஒரு வகையும் உண்டு. அதை ஒருவரும் பிழையாகச் சொல்ல முடியாது. அதனால் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

பட்டப்படிப்பு முடித்ததும் கிடைத்த முதல் வேலை இது. தீவுகளின் பழைய சுவர்களில் என்னென்ன முளைத்திருக்கின்றன என்று பதிவுசெய்யும் ஆய்வில் உதவியாளர். எங்கள் வீடு ஊர்காவற்றுறையில் இருந்தபடியால் பஸ்ஸும் வள்ளமும் பிடித்து நானே சுற்றிவர முடியும் என்று என்னை எடுத்தார்கள். ஆய்வை நடத்திய விரிவுரையாளரை நாங்கள் எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். மிஸ் யாழ்ப்பாணத்தில் இருந்தார். நான் சுவர்களில் இருந்தேன்.

நெடுந்தீவில், கடலில் எடுத்த முருகைக்கல்லால் கட்டிய ஒரு மதிலுக்கு முன்னால் முழங்காலில் இருந்து கைவில்லையால் இலையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"பிள்ளை, காணி அளக்க வந்தனீரோ?"

"இல்லை ஐயா. பன்னம் பாக்க வந்தனான்."

"எங்கை கிடக்கு?"

காட்டினேன்.

"உதோ? உது ஆடும் தின்னாத சாமானெல்லோ. உதைப் பாக்கவோ படிச்சனீர்?"

"ஓம் ஐயா."

"எத்தினை வருஷம்?"

"நாலு."

"நாலு வருஷம் படிச்சும் முட்டுக்காலிலை இருந்துதான் பாக்க வேண்டிக் கிடக்கு" என்றுவிட்டு, மதிலின் மற்றப் பக்கத்தில் இன்னும் நிறைய இருக்கிறது என்று கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். பதினொரு செடி. எல்லாம் ஒடுங்கி.

வேலை தொடங்கி மூன்றாம் மாதம் அப்பா இறந்தார். கடல்தொழில் செய்தவர். இறங்குதுறைக்குப் பக்கத்தில் வலை காயப் போட்டுக்கொண்டிருந்தவர் கீழே குந்தினார், பிறகு சாய்ந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் அன்று அனலைதீவில் ஒரு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வள்ளத்தில் திரும்பி வரும்போது செய்ய வேண்டியவற்றைக் குறிப்பேட்டில் எழுதினேன். பெட்டி. பங்குச் சுவாமிக்கு அறிவித்தல். கதிரைகள். தேத்தண்ணி. பிரான்சில் இருக்கும் அண்ணாவுக்குச் சொல்லுதல். கல்லறை திறக்க ஆள். முடிந்த ஒவ்வொன்றையும் கோடு போட்டு வெட்டினேன். எல்லாம் வெட்டி முடிந்தபோது அப்பாவை அடக்கம் செய்திருந்தோம். அண்ணாவின் கடதாசிகள் சரிவராததால் அவரால் வர முடியவில்லை. "பெட்டை அழவே இல்லை" என்று யாரோ குசினிக்குள் சொன்னது கேட்டது. அது சரியான தகவல். நான் அதை வேறுவிதமாக எடுக்கவில்லை.

அப்பாவை வைத்தது புதிய கல்லறையில் அல்ல. சேமக்காலையில் எங்கள் குடும்பத்துக்கு முருகைக்கல்லால் கட்டிய பழைய கல்லறை ஒன்று உண்டு. இடுப்பளவு உயரம். கடலைப் பார்த்த பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அதைத் திறந்து, உள்ளே இருந்தவர்களோடு அப்பாவையும் வைத்து மூடினோம்.

கார்த்திகை, அதாவது நவம்பர், இரண்டாம் திகதி மரித்த ஆத்துமாக்களின் நாள். அதற்கு முந்திய கிழமை எங்கள் ஆட்கள் சேமக்காலையில் புல் செருக்கி, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அன்று பின்னேரம் மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டு நிற்போம். சுவாமி கல்லறை கல்லறையாக வந்து ஆசீர்வதித்த தண்ணீர் தெளிப்பார். வெள்ளை அடிக்காத கல்லறை, கேட்க ஆள் இல்லாத கல்லறை. அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் கல்லறைக்கு வருடாவருடம் அடித்தவர் அப்பா. அந்த வருடம் நான் அடித்தேன். சுண்ணாம்பைக் கரைத்து, வடித்து, நீலம் ஒரு சிட்டிகை விட்டு, தும்பு மட்டையால் இரண்டு தரம் பூசினேன். நன்றாக வெளுத்தது. காய்ந்த பிறகுதான் பார்த்தேன், தொட்ட கையெல்லாம் ஒட்டியது. காற்றடித்தால் தூள் பறந்தது. பக்கத்துக் கல்லறை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமியுடையது. அதாவது அவருடைய புருஷன் அதற்குள் இருக்கிறார். சுவாமி வரும்வரை கால் நோகிறது என்று மாமி எங்கள் கல்லறையில் சாய்ந்து நின்றார். நிமிர்ந்தபோது கறுப்புச் சீலையின் ஒரு பக்கம் முழுக்க வெள்ளை.

"இஞ்சை பாரடி பிள்ளை, உன்ரை கொப்பர் என்ரை சீலையிலை ஒட்டிக்கொண்டு வீட்டை வாறார்!"

அம்மா சிரித்தார். அப்பா போன பிறகு அம்மா சிரித்தது அதுதான் முதல்முறை. நான் மாமியின் சீலையைத் தட்டிவிட்டேன். அதற்குப் பிறகு மழை தொடங்கி மார்கழி முடியும்வரை பெய்தது.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மாவுடன் சேமக்காலைக்குப் போனேன். மழை விட்டு ஆறு கிழமை இருக்கும். கல்லறையின் கடற்பக்க வெடிப்பில் நாலு பன்னங்கள் சுருண்டு கிடந்தன. முந்திய வருடங்களிலும் அவை அங்கே இருந்திருக்கலாம். அப்போது எனக்குப் பன்னம் பார்க்கத் தெரியாது. போன ஐப்பசியில் அங்கே நின்றபோது நான் பன்னம் பார்க்கவில்லை. சுருண்ட இலைகளின் வெளியே தெரிந்த பக்கம் வெள்ளை.

கைவில்லையை எடுத்துப் பார்த்தேன். மிக நுண்ணிய தூள். சிறகுகளின் மடிப்புக்குள்ளும் இருந்தது. தண்ணீர் ஊற்றிவிட்டு அடுத்த நாள் காலை வந்தேன். விரிந்திருந்தன. மேற்புறம் கடும் பச்சை, ஒரு பொட்டு வெள்ளை இல்லை. கீழ்ப்புறம் முழுவதும் வெள்ளை. மட்டையை எடுத்தேன். முதலாவது கேள்வி: ஓம். அதோடு மட்டை முடிந்தது. மற்ற எட்டுக் கேள்விகளையும் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை என்று நானே எழுதியிருந்தேன்.

ஐந்து செடிக்குக் குறைவாக இருந்தால் ஒரேயொரு இலைதான் எடுக்கலாம் என்பது எங்கள் ஆய்வின் விதி. ஒரு இலையை வெட்டித் தாள்களுக்கிடையில் வைத்து அமத்தினேன்.

மிஸ்ஸுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"நீர் வடிவாப் பாத்தனீரோ?"

"ஓம் மிஸ். கீழ்ப்புறம் முழுக்க வெள்ளை."

"எந்த இடம்?"

"சேமக்காலையிலை மிஸ். ஒரு பழைய கல்லறையிலை."

யாருடைய கல்லறை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பதிவுத்தாளில் அதற்குக் கட்டம் இல்லை. காய்ந்த இலையை அவர் பார்த்தபோதும் அது வெள்ளையாகத்தான் இருந்தது. தீவுகளில் முதன்முறையாக வெள்ளைப் பன்னம் என்று ஒரு குறுங்கட்டுரை எழுதினோம். என் பெயரை முதலில் போடச் சொன்னவர் மிஸ். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். சஞ்சிகையிலிருந்து பதில் வந்தது: ஒரு இலை போதாது, மழைக்குப் பிறகு வரும் புது இலைகளோடு செடியை அதே இடத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், அதுவரை செடி தொடப்படாமல் இருக்கட்டும்.

ஐப்பசி பிறந்ததும் அம்மா சுண்ணாம்பு வாங்கி, முற்றத்தில் பெரிய பானையில் ஊறப் போட்டார்.

"அம்மா, இந்த முறை அடிக்க வேண்டாம்" என்றேன்.

"எதை?"

"கல்லறைக்கு. அந்தச் செடி பழுதாப் போகும். புது இலை வந்து, நான் படம் எடுத்து அனுப்புமட்டும் விடவேணும்."

"அந்தப் பக்கத்தை விட்டிட்டு மற்றப் பக்கங்களை அடிச்சால்?"

"மேலை அடிச்சாலும் வழிஞ்சு வரும். ஏலாது."

அம்மா பானையை ஒரு தடியால் கிண்டிக்கொண்டிருந்தார். "அது பெரிய சாமானோ?"

"ஓம். தீவிலை ஒருத்தரும் இதுவரைக்கும் காணேல்லை."

"ஒருத்தரும் காணாதது கொப்பரிலை வந்து முளைச்சிருக்கு."

"ஓம்."

"அப்ப சரி." பானையை மூடினார். மூடியின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்.

அன்று அண்ணாவுடன் பேசும்போது, "அப்பாவிலை ஒரு புதினமான செடி வந்திருக்காம், தங்கச்சி கண்டுபிடிச்சவள்" என்று அம்மா சொல்வது கேட்டது. அடுத்த கிழமை ஒழுங்கை முழுவதும் தெரிந்திருந்தது. அப்பாவைப் பற்றிச் சொல்ல அம்மாவிடம் ஒரு வருடத்துக்குப் பிறகு புதிதாக ஒன்று இருந்தது. நான் அதைக் கவனித்தேன். குறிப்பேட்டில் அது எந்தக் கட்டத்துக்குள் வரும் என்று தெரியாததால் எழுதவில்லை.

கார்த்திகை இரண்டாம் திகதி. மூன்று கிழமையாக விட்டு விட்டு மழை. சேமக்காலை முழுவதும் வெள்ளை வெளேரென்று இருந்தது. எங்கள் கல்லறை மட்டும் சாம்பல் நிறம், பாசி பிடித்து. அம்மா வழமையைவிட அதிகம் மெழுகுதிரி வாங்கி வந்திருந்தார். அண்ணாவுக்கு அனுப்பப் படம் எடுத்தபோது, சுவர் தெரியாமல் மெழுகுதிரிகள் மட்டும் தெரியும்படி போனைச் சரித்துப் பிடித்தார்.

பக்கத்துக் கல்லறை மாமி வந்து நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன, எங்கடை ஆக்கள் எல்லாம் முகம் கழுவி வெளிக்கிட்டு நிக்கினம், உங்கடை மனுஷன் இன்னும் எழும்பேல்லையோ?"

"அவருக்கு ஒரு செடி வந்திருக்கு" என்றார் அம்மா. "பிள்ளை அதைப் பாதுகாக்குது. நாட்டிலை இஞ்சை மட்டும்தானாம்." தீவிலை என்பது நாட்டிலை ஆகியிருந்தது. நான் திருத்தவில்லை.

"எங்கை?" மாமி குனிந்தார். "உதோ? உது எங்கடை கிணத்துக்கட்டிலையும் கிடக்கு."

"அது வேறை, இது வேறை. இலையைத் திருப்பிப் பார். கீழை வெள்ளையா இருக்கும்."

என் மட்டையின் முதலாவது கேள்வி. அம்மாவுக்கு நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் மிஸ்ஸோடு பேசும்போது கேட்டிருக்க வேண்டும்.

மாமி விரலால் ஒரு இலையைத் திருப்பினார். "எங்கை வெள்ளை?"

இன்னொன்றைத் திருப்பினார். அதுவும் பச்சை. மழைக்கு வந்த புது இலைகள்.

அம்மா என்னைப் பார்த்தார்.

"அது புது இலை" என்றேன். "முத்தினாப் பிறகுதான் வெள்ளை வரும்."

"கேட்டியோ?" என்றார் அம்மா மாமியிடம். "முத்தினாப் பிறகுதான் வரும்." அதற்குள் சுவாமி வந்துவிட்டார். எங்கள் கல்லறையிலும் தண்ணீர் தெளித்தார். சில துளிகள் பன்னத்தில் பட்டன.

முற்றிய பிறகுதான் வெள்ளை வரும் என்று நான் எங்கும் படித்ததில்லை. அன்று வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பன்னத்தின் இலை சுருள் அவிழும்போதே தூளோடுதான் வரும். படமும் இருந்தது: நத்தைபோல் சுருண்ட இளம் தளிர், வெள்ளை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இடியப்பம் சாப்பிட்டேன். அடுத்து இரண்டு கிழமை காரைநகர்ப் பக்கம் கிணறுகள் பார்த்தேன். நாற்பத்தொரு கிணறு. எல்லாவற்றையும் ஒழுங்காகப் பதிந்தேன். சேமக்காலைக்குப் போகவில்லை. செய்ய வேண்டியவற்றின் பட்டியலில் அது தினமும் முதலில் இருந்தது. தினமும் அடுத்த நாளுக்கு மாற்றி எழுதினேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை குசினியிலிருந்து ஒரு தேசிக்காயும் சின்னக் கத்தியும் எடுத்துக்கொண்டு போனேன். காய்ந்த சுண்ணாம்பில் எலுமிச்சைப் புளி பட்டால் நுரைக்கும். பன்னத்தின் மெழுகு நுரைக்காது. பாடசாலைப் பரிசோதனை. மாசி மாதமே செய்திருக்கலாம்.

கல்லறையின் முன்னால் முழங்காலில் இருந்து தேசிக்காயை வெட்டினேன். மாமி தன் கல்லறையில் உருகி ஒட்டிய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"என்னடி பிள்ளை, சேமக்காலைக்கை வந்து தேசிக்காய் வெட்டுறாய்? ஆருக்குச் செய்வினை?"

"ஒருத்தருக்கும் இல்லை மாமி. ஒரு சோதனை."

முதலில் கல்லறைச் சுவரில், போன வருடத்துச் சுண்ணாம்பு மிச்சம் இருந்த இடத்தில் ஒரு துளி. நுரைத்தது. அடுத்து புது இலையின் கீழ்ப்புறத்தில். ஒன்றும் இல்லை. பிறகு அடியில் இன்னும் விழாமல் காய்ந்து தொங்கிய பழைய இலை ஒன்றைத் திருப்பினேன். வெள்ளை இருந்தது. அதில் ஒரு துளி விட்டுக் கைவில்லையை வைத்தேன். வெள்ளை முழுவதும் சின்னச் சின்னக் குமிழியாக எழும்பி, உடைந்து, கரைந்து போனது. அடியில் கபில நிற இலை.

"என்ன தேடுறாய்?"

"இந்த வெள்ளை சுண்ணாம்போ எண்டு பாக்கிறன் மாமி."

"சுண்ணாம்புதான். போன முறை நீ அடிச்சதெல்லோ பறந்தது. என்ரை சீலையிலை இன்னும் போகேல்லை. என்னைக் கேட்டிருந்தால் தேசிக்காயை மிச்சம் பிடிச்சிருப்பாய்."

நான் அடித்தபோது சுருண்டு கிடந்த இலைகளின் வெளிப்பக்கத்தில் தூள் படிந்திருக்கிறது. பிறகு விரிந்த மேற்புறத்தை மழை கழுவியிருக்கிறது. கீழ்ப்புறத்தைக் கழுவவில்லை. அவ்வளவுதான். மட்டையை எடுத்து முதலாவது கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்லி, இரண்டாவதிலிருந்து தொடங்கினேன். காம்பு மினுக்கமா? ஓம். விளிம்பு மடிந்ததா? ஓம். ஆகக் கீழ்ச் சிறகுகள் பெரியவையா? ஓம். காம்பு இலையளவு நீளமா? கவராயத்தால் அளந்தேன். ஓம். முக்கோணி. அந்த ஆய்வில் அதுவரை அதை முப்பத்துநாலு இடங்களில் பதிந்திருந்தேன். முப்பத்தைந்து என்று எழுதினேன்.

மிஸ்ஸுக்கு அங்கேயே நின்று சொன்னேன்.

"மிஸ், அது வெள்ளைப் பன்னம் இல்லை. நுரைக்குது. சுண்ணாம்பு."

"கல்லறைக்கு ஆர் சுண்ணாம்பு அடிச்சது?"

"நான்தான் மிஸ். அது அப்பாவின்ரை கல்லறை."

"அதை நீர் எனக்குச் சொல்லேல்லை" என்றார் மிஸ்.

"ஓம் மிஸ். சொல்லேல்லை."

"கட்டுரையைத் திருப்பி எடுப்பம். நீரே எழுதும், நான் பாக்கிறன். விண்ணப்பம் அடுத்த வருஷம் போடலாம்." தொலைபேசியை வைக்கும்முன், "வீட்டை போம்" என்றார்.

வீட்டுக்குப் போனேன். அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். வழியில் சொல்ல வேண்டியதை மூன்று வசனமாக ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன்.

"அம்மா, அது சாதாரண பன்னம். எல்லாக் கிணத்திலையும் இருக்கிறது. அந்த வெள்ளை நான் போன வருஷம் அடிச்ச சுண்ணாம்பு."

அம்மா கத்தியைக் கீழே வைக்கவில்லை. செதில் அகற்றிய மீனைக் கழுவி, சட்டிக்குள் போட்டு, அடுத்ததை எடுத்தார்.

"நீ உப்புப் போட்டனியே?"

"எதுக்கை?"

"சுண்ணாம்புக்கை."

"இல்லை."

"கொப்பர் உப்புப் போடுறவர். ரண்டு கை. அதுதான் தொட்டால் கையிலை ஒட்டாது." மீனின் வாலை வெட்டினார். "எனக்குத் தெரியும். நீ அடிக்கேக்கை நான் பாத்துக்கொண்டெல்லோ நிண்டனான். சொல்லியிருக்கலாம். எனக்கு அண்டைக்கு வாய் வரேல்லை."

நான் வாசற்படியில் நின்றேன். ஏதாவது தோன்றும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். குழாயில் தண்ணீர் ஓடியது. "கட்டிப்போட்ட மாதிரி நிக்காமல் கையிலை இருக்கிற தேசிக்காய் மிச்சத்தைத் தா" என்றார் அம்மா. மற்றப் பாதியைக் கொடுத்தேன். மீனில் பிழிந்தார்.

"அண்ணாவுக்குச் சொல்லவோ?" என்று கேட்டேன்.

"நான் சொல்லுறன்." சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மழை இரண்டு நாள் விட்டபோது பானையின் மேலிருந்த கல்லை இறக்கினோம். சுண்ணாம்பு அடியில் இறுகி, மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. அம்மா கிண்டினார். நான் உப்பு அளந்தேன். என் கையால் இரண்டு கை போட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "அவற்ரை கை பெரிசு" என்றார். மூன்றாவதும் போட்டேன். நீலம் விட்டேன்.

சேமக்காலையில் அந்த நேரம் ஒருவரும் இல்லை. மற்றக் கல்லறைகளில் அடித்த வெள்ளை ஒரு மாத மழையில் மங்கத் தொடங்கியிருந்தது. அம்மா மேலே அடித்தார், நான் பக்கங்களை. கடற்பக்கச் சுவருக்கு வந்தபோது அம்மா தும்பு மட்டையை வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சொப்பிங் பையை எடுத்து விரித்தார். பன்னங்களின் மேல் அதைக் கவிழ்த்து, விளிம்பை வெடிப்புக்குள் செருகினார்.

"அம்மா, அது சாதாரணமானது. பட்டாலும் பரவாயில்லை."

"தெரியும். நீ சொன்னனிதானே" என்றார். "சுத்தவர அடி."

சுற்றிவர அடித்தேன். இரண்டு தரம். முடிந்ததும் அம்மா பையை உருவினார். இலைகள் ஈரமாக, கசங்கி, பச்சையாக இருந்தன. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். கீழ்ப்புறமும் பச்சை.

அடுத்த நாள் மதியம், வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகு, தனியாகப் போனேன். அப்பாவின் கல்லறை மட்டும் கண் கூசும் வெள்ளையாக நின்றது. இடது உள்ளங்கையைச் சுவரில் வைத்து அமத்தினேன். சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு எடுத்துப் பார்த்தேன்.

கையில் ஒன்றும் ஒட்டவில்லை. மற்றக் கையையும் வைத்துப் பார்த்தேன்.